மரத்தை வெட்டினோம், மந்தி கீழே இறங்கியது

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் முண்டியம்பாக்கம் இப்போது அரைமணி நேரம். நாற்கரச் சாலை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கினால்தான் தாமதம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதே ஜி.எஸ்.டி. சாலை வேறு மாதிரி நினைவிருக்கும். இருபுறமும் புளியமரம், அடிமரத்தில் வெள்ளையடித்து எழுதிய நெடுஞ்சாலைத் துறை எண், கிளையில் உட்கார்ந்து புளியங்காயைக் கடித்துத் துப்பும் குரங்குக் கூட்டம். சாலை அகலமானபோது மரங்கள் போயின. நடுத்திட்டில் அரளி வந்தது. ஆடுகூட வாய் வைக்காத செடி என்பதால்தான் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு அரளி பிடிக்கும். குரங்குக்கு அதில் ஒன்றும் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் மலையடிவார ஊர்களில் குரங்குப் பேச்சை எடுத்துப் பாருங்கள். "பெருத்துப் போச்சு சார்" என்பார்கள். ஓட்டைப் பிரிக்கிறது, கேபிள் ஒயரில் தொங்குகிறது, மாடியில் காயப்போட்ட வடகத்தை வாரிக்கொண்டு போகிறது, கதவு திறந்திருந்தால் ஃப்ரிட்ஜ் வரைக்கும் வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு நேர் எதிராக இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் தென் கர்நாடகத்தில் இதே நாட்டுக்குரங்கை நீண்டகாலமாக எண்ணிவந்தார்கள். 25 ஆண்டுகளில் 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் எழுதினார்கள். சாலையோர ஆலமரங்கள் போனது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அழிந்துவரும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் 'கவலையில்லை' என்ற வரிசையில் இருந்த இந்தப் பிராணி, இப்போது ஆபத்தை நோக்கிப் போகிறவற்றின் வரிசைக்கு வந்துவிட்டது.

குறைந்துகொண்டே வருகிற ஒன்று, நம் கண்ணுக்கு மட்டும் எப்படிப் பெருத்துத் தெரிகிறது?

ஊரோரத்துக் குடி

நம் பக்கம் இருப்பது நாட்டுக்குரங்கு. புத்தகங்களில் குல்லாய்க் குரங்கு. உச்சிமுடி ஒரு சுழியிலிருந்து நாலாபுறமும் விரிந்து தொப்பி வைத்த மாதிரி படிந்திருக்கும். வால் உடம்பைவிட நீளம். ஆணான கடுவன் எட்டு, ஒன்பது கிலோ வரை வரும். பெண்ணான மந்தி நான்கு கிலோ சொச்சம். சிவந்த முகமும் குட்டை வாலுமாக வடநாட்டில் திரிகிற ரீசஸ் வேறு இனம். அது ஆப்கானிஸ்தானிலிருந்து சீனா வரை பரவிக் கிடக்கிறது. நம்முடையது தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. புலிக்கும் யானைக்கும் வேறு நாடுகள் உண்டு, இதற்குக் கிடையாது.

காட்டுப் பிராணி ஊருக்குள் புகுந்துவிட்டது என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களான எங்கள் வழக்கம். நாட்டுக்குரங்குக்கு அது பொருந்தவில்லை. சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலைக்காட்டுக் குடிகள். இதுவோ ஏரிக்கரை, கோயில் தோப்பு, சாவடி ஆலமரம், சாலைப் புளியமரம் என்று மனுஷனை ஒட்டியே வாழ்ந்து பழகியது. ஆலம்பழம், அத்திப்பழம், நாவல், வேப்பம்பழம், கொழுந்து, பூ, வெட்டுக்கிளி, சிலந்தி என்று எதையும் தின்னும். அதிலும் ஆலும் அத்தியும்தான் அதற்கு அரிசி பருப்பு. எல்லா மரமும் ஒரே மாதத்தில் பழுக்காது. கரைமேல் பத்து மரம் இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று பழுத்து வருஷம் முழுக்கத் தாங்கும். தின்ற பழத்தின் விதையை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டு அடுத்த மரத்துக்கு வழி செய்வதும் அதுவே.

பழத்தை உடனே விழுங்காமல் தாடைக்கு உள்ளே இருக்கும் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும் வசதி அதற்கு இருக்கிறது. எதிரி இருக்கும் இடத்தில் நின்று மெல்ல முடியாது. வாரி அடக்கிக்கொண்டு ஓடி, மேலே உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் தின்னும். நம் வீட்டு நிலக்கடலைத் தட்டு அரை நிமிஷத்தில் காலியாவதன் ரகசியம் இந்தப் பை.

கூட்டம் பெண்வழிச் சொத்து. மந்தி பிறந்த கூட்டத்திலேயே சாகும். தாயின் மதிப்பு என்னவோ அதுவே மகளுக்கும். வயதுக்கு வந்த கடுவன்களில் பலவும் வேறு கூட்டம் தேடிப் போகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றப் பல குரங்கினங்களில் பெரிய ஆண்கள் ஒன்றையொன்று கிட்டே சேர்க்காது. நாட்டுக்குரங்குக் கடுவன்கள் தோளில் கை போட்டு உட்காரும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். பேன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் செதிலும் உண்ணியும்தான். அதைப் பொறுக்குவது சுத்தத்துக்கு மட்டுமில்லை, சண்டைக்குப் பிறகு சமாதானம் பேசவும், பெரிய இடத்தில் ஆதரவு தேடவும் அதுதான் வழி.

குட்டி பிறந்த நாளிலிருந்து தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வடகலை வைணவர்கள் இறைவனைப் பற்றுகிற விதத்துக்கு இந்தப் பிடியைத்தான் உதாரணம் காட்டி மர்க்கட நியாயம் என்றார்கள். தென்கலையார் பூனையைக் காட்டினார்கள். இன்னும் பின்னே போனால் குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், கடுவன் செத்துப்போன மந்தி தன் குட்டியை உறவுக்கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து குதித்து உயிர் விடுகிறது. உயிர் விடுவது புலவர் கற்பனை என்று வைத்துக்கொள்வோம். குட்டிக்குச் சுற்றம் உண்டு என்பதை அதைப் பாடிய கடுந்தோட் கரவீரனார் கூர்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

செஞ்சியில் ஒரு பை பறிபோகும் விதம்

செஞ்சிக் கோட்டையை எடுக்க மொகலாயப் படைக்கு ஏறக்குறைய எட்டு வருஷம் பிடித்தது. 1698இல்தான் கைக்கு வந்தது. இன்று கோட்டையின் ராஜகிரி மலை யார் கையில் இருக்கிறது என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். 2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி. கூட்டம் இனி கூடத்தான் போகிறது, கூடவே சிப்ஸ் பாக்கெட்டும்.

ராஜகிரி அடிவாரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒரு குடும்பம் நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும். பாலித்தீன் பை சரசரத்ததுமே மதில்மேல் இருக்கும் பெரிய கடுவன் தொடையைச் சொறியத் தொடங்கும். அது இவர்கள் பக்கம் திரும்பாது. எல்லோர் கண்ணும் அதன் மேல் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு இளவட்டம் வந்து பையின் காதைப் பிடிக்கும். இழுத்துப் பார்த்து, எதிர்ப்பக்கம் பிடி தளர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடும். தளராவிட்டால் பையின் அடியைப் பல்லால் கிழிக்கும். கீழே சிதறியது அத்தனையும் அதற்குத்தான். சிப்ஸ் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் கவிழ்த்து, தின்று முடித்து, விரலில் ஒட்டிய உப்பை நக்கும். அப்பா செருப்பைக் கழற்றி ஓங்குவார். மதில்மேல் இருந்த கடுவன் அப்போதுதான் எழுந்து நின்று புருவத்தை ஏற்றி, வாயை வட்டமாகத் திறந்து, கண்ணுக்குக் கண் பார்க்கும். அப்பா இரண்டடி பின்வாங்குவார்.

அந்த முறைப்பு மிரட்டல். பல்லெல்லாம் தெரிய இளிப்பது சிரிப்பு இல்லை, பயம். கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் அதற்குத் தூக்கமும் இல்லை. நெருக்காதே என்று அர்த்தம். குட்டி 'சிரிக்கிறது' என்று செல்ஃபி எடுக்கக் குனிகிறவர்களை அதன் தாய் கடிக்கிறது.

மிரட்டல் மட்டும்தான் அதற்குத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூர் ஆய்வாளர் அனிந்திய சின்ஹாவும் அவருடைய மாணவர்களும் பந்திப்பூரில் சுற்றுலாப் பயணிகளிடம் உணவு கேட்கும் நாட்டுக்குரங்குகளைக் கவனித்து 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அங்குள்ள சில குரங்குகள் கையை நீட்டி, மெல்லிய குரல் கொடுத்துக் கேட்கின்றன. மனுஷன் தன்னைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொள்கின்றன. கொடுக்கும் வரை நீட்டிய கையை எடுப்பதில்லை, கிடைத்ததும் நிறுத்திவிடுகின்றன. தங்களுக்குள் பழம் கேட்க அவை இப்படிக் கை நீட்டுவதில்லை. நமக்காகவே கற்றுக்கொண்டது. பாலித் தீவின் ஊலுவத்து கோயில் குரங்குகள் இன்னும் ஒருபடி மேலே போய் மூக்குக்கண்ணாடியையும் செல்போனையும் பறித்து வைத்துக்கொண்டு, தீனி கொடுத்தால் திருப்பித் தருகின்றன. வளர்ந்த குரங்குகள் எந்தப் பொருளுக்குப் பேரம் அதிகம் என்று தெரிந்தே எடுக்கின்றன.

பன் கொடுத்தவர் புண்ணியம் செய்ததாக நினைத்துக் காரில் ஏறிப் போய்விடுகிறார். குரங்கு ஒரு பாடம் படித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. மரத்தில் நாள் முழுக்கத் தேடிச் சேர்க்க வேண்டிய தீனி ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது. நாலு ஏரிக்கரையில் சிதறிக் கிடந்த கூட்டங்களின் கரைமரங்கள் போனபின், மிஞ்சியவை எல்லாம் குப்பையும் பன்னும் கிடைக்கிற அதே வளைவில் வந்து சேர்கின்றன. மொத்தத்தில் குறைந்தது நம் கண்ணில் படவில்லை, வாசலில் கூடியது படுகிறது. முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

மல்லாட்டைக் கொல்லையில்

இந்த வட்டாரம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பேர்போனது. நாடெங்கும் விதைக்கப்பட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்கள் அவை. காய் பிடிக்கும் நேரத்தில் குரங்குக் கூட்டம் இறங்கினால் செடியோடு பிடுங்கி, நாலு காயைக் கடித்துவிட்டு, அடுத்த செடிக்குப் போகும். தின்பதைவிடப் பாழாக்குவது அதிகம். நகரத்தில் உட்கார்ந்து 'பாவம் வாயில்லா ஜீவன்' என்று சொல்கிறவர்கள் ஒரு போகம் காவலுக்கு வந்து படுத்துப் பார்க்க வேண்டும். கவண், பட்டாசு, வேலியில் பழைய புடவை, நாய் குரைப்பதைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுவது என்று எல்லாமே முதல் வாரம் பலிக்கும். இரண்டாவது வாரம் குரங்கு ஒலிபெருக்கி மேலேயே உட்காரும். 2019இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு காபித் தோட்டக்காரர் தன் நாய்க்குப் புலிக்கோடு வரைந்து தோட்டத்தில் விட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. சிரித்தோம். அவர் வேறு வழியில்லாமல் செய்த காரியம் அது.

கடி

கடி பட்டால் இந்த மாவட்டத்துக்காரர்கள் போய் நிற்கும் இடங்களில் ஒன்று முண்டியம்பாக்கம். 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய மருத்துவமனையும் இங்கேதான் இருக்கின்றன. நாய்க்கடியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் குரங்கு பிறாண்டியதை 'ஆஞ்சநேயர் தொட்டார்' என்று விட்டுவிடுவதுண்டு. வெறிநோய் குரங்குக்கும் வரும், அது கடித்தால் மனுஷனுக்கும் வரும். புண்ணை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள்தூள், காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய், முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28 ஆகிய நாட்களில் டாக்டர் சொல்கிறபடி மீதி ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ஆழமான கடி என்றால் புண்ணைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் டாக்டர்களின் பெரிய கவலை.

கூண்டில் பிடித்தால்?

ஊராட்சியில் மனு கொடுத்து, கூண்டு வைத்து, வாழைப்பழத்தில் மயக்கி, வேனில் ஏற்றி, இரவோடு இரவாக வேறு மலையில் விட்டுவிட்டு வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சிக்குவது பாதிக் கூட்டம்தான். மீதி இங்கே இருக்கும். ஆள் குறைந்த இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வரும். கொண்டுபோய் விட்ட குரங்குக்கு அந்த மலை தெரியாது, ஏற்கெனவே அங்கே இருக்கிற கூட்டம் சேர்த்துக்கொள்ளாது. கை நீட்டிக் கேட்கத் தெரிந்த பிராணி நேராக அடிவார ஊருக்கு இறங்கும். தொல்லையை ஒரு ஊராட்சியிலிருந்து இன்னொரு ஊராட்சிக்கு மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். வேன் வாடகைதான் தண்டம்.

சட்டமும் இப்போது கடுமை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் நாட்டுக்குரங்கை முதல் பட்டியலுக்கு ஏற்றியது. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவில்லாமல் பிடிப்பது குற்றம். இரண்டாம் பட்டியலுக்கே திருப்பி இறக்கச் சொல்லிக் கேரளம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதே திருத்தத்தில் ரீசஸ் குரங்கு பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரீசஸ் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆந்திரம், தெலங்கானாவின் பல பகுதிகளில் நாட்டுக்குரங்கு இருந்த இடத்தில் இன்று அதுதான். அது உடம்பிலும் முரட்டுத்தனத்திலும் ஒரு பிடி கூடுதல். ஆள் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் அது பரவ ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எங்கிருந்தோ வருகிற லாரி எந்தக் குரங்கை எந்த மலையில் இறக்குகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

ஹிமாசலப் பிரதேசம் 2007 முதல் ரீசஸ் குரங்குகளுக்குக் கருத்தடை செய்துவருகிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வாழ்கிற பிராணி. இன்று செய்கிற அறுவை சிகிச்சையின் பலன் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். ஏற்கெனவே குறைந்துவரும் இனத்துக்கு மாநிலம் முழுக்க அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. செஞ்சி மாதிரி தீனி குவிகிற சில இடங்களில், வனத்துறை எண்ணிப் பார்த்துச் செய்யலாம்.

இலங்கைக்காரர்கள் படுகிற பாட்டையும் பார்த்துவிடுவோம். 2023இல் தங்கள் நாட்டுச் செங்குரங்குகளில் ஒரு லட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, எதிர்ப்பில் அடங்கியது. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுக்க மின்சாரம் போனது. அடுத்த மாதமே பயிரைத் தின்னும் பிராணிகளை எண்ண, ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்கு எல்லோரும் ஐந்து நிமிஷம் அவரவர் தோட்டத்தில் நின்று கண்ணில் படுவதை எழுதுங்கள் என்றது அரசாங்கம். அங்கே கேலி பேசியவர்கள் நிறைய. எண்ண முயன்றார்களே என்று எனக்கு மரியாதைதான்.

கும்பிடும் கை

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் பஞ்சவடியில் 36 அடி உயரப் பஞ்சமுக ஆஞ்சநேயர் நிற்கிறார். சனிக்கிழமைகளில் வெற்றிலை மாலையும் வடைமாலையும் குவியும். சிலையைக் கும்பிடுவதும் சாலையில் பிஸ்கட் வீசுவதும் ஒரே பக்தி என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஓடுகிற காரிலிருந்து வீசிய பிஸ்கட்டை எடுக்க நடுச்சாலைக்கு வந்த மந்தி அடுத்த லாரியில் அடிபடுகிறது. குரங்காட்டி வித்தையை 1998இல் மத்திய அரசு தடை செய்தபோது அந்த வதை பெருமளவு ஓய்ந்தது. இந்த வதையை நாம் கைகூப்பிக்கொண்டே செய்கிறோம்.

முண்டியம்பாக்கத்தை ஒட்டிப் பனையபுரம். பாடல் பெற்ற பனங்காட்டீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது; பனைதான் தலமரம். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் பக்கம் போகும் சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் இந்தக் கோயில் அடிபடும் என்று பேச்சு வந்தபோது ஊர் கொதித்து எழுந்தது. கோயில் தப்பியது. நல்ல காரியம். சாலையை வளைக்க முடியும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. புளியமரங்களுக்காக யாரும் அப்படிச் சாலையில் உட்காரவில்லை. நாங்களும் அன்றைக்கு அட்டைப்படக் கட்டுரை எழுதவில்லை.

வால்பாறையில் சாலை கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அவற்றைச் சாலையிலிருந்து விரட்டிக் காக்க ஆள் போட்டிருக்கிறார்கள். சமவெளிக் குரங்குக்கு அந்த அளவு செலவு தேவையில்லை. ஒரு மரத்துக்குப் பத்து மரம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க நாற்று கொடுக்கிறது. என்ன நாற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புங்கனும் தேக்கும் நட்டால் நிழலும் பணமும் கிடைக்கும், குரங்கு வீட்டுக்குத்தான் வரும். ஆல், அரசு, அத்தி, நாவல், இலுப்பை வேண்டும். அதுவும் சாலையோரத்தில் வேண்டாம். ஏரிக்கரையில், கோயில் நிலத்தில், மேய்ச்சல் புறம்போக்கில், தார்ச்சாலையை விட்டு நூறு மீட்டராவது தள்ளி.

ஆலமரத்துக்கு நாற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கைப்பருமன் போத்து ஒன்றை வெட்டி, ஐப்பசி மழை பிடித்ததும் நட்டு, முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் எத்தனை ஆலமரம் மிச்சம் இருக்கிறது என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள். செஞ்சிக்குக் கிளம்பும்போது தின்பண்டத்தை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு ஏறுங்கள்.